மிச்சமிருந்த மாத்திரைகள்

ரேடியோ என்று அவருக்குப் பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், மறுபடி ஷட்டரை இறக்கும்போதுதான் மூடும். உட்கார்ந்தவர் கழுத்தில் துணியைச் சுற்றி முடிப்பதற்குள், எந்தச் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனது, நேற்று ஆட்டத்தில் நடுவர் எங்கே தப்புப் பண்ணினார் என்று எல்லாம் வந்துவிடும். பாதிப் பேர் அந்தப் பேச்சுக்காகவே வந்தார்கள். மீதிப் பேர் அவருடையது தொழில் சுத்தமான கை என்பதால் பேச்சைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது நாற்காலி அவருடைய மச்சினனுக்கு. மனைவியின் ஒரே தம்பி, நாற்பதைத் தொடுகிற வயது. கேட்டதற்குப் பதில் சொல்கிற ரகம். சில நாள் அதுவும் இல்லை. மூன்றாவது நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் அதன்மேல் துவைத்த துண்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள்.

பல் துலக்கும்போது ரத்தம் வருவது ரேடியோவுக்கு வெகுகாலப் பழக்கம். துப்பியது சிவப்பாக இருந்தால், பிரஷ் முரடு என்று சொல்லி வேறு பிரஷ் வாங்குவார். அவ்வப்போது ஒரு பக்க ஈறு வீங்கி, தொட்டால் உயிர் போகும். அதற்கும் வழி இருந்தது. எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடைக்காரர் அவருடைய வாடிக்கையாளர். ரேடியோ தெருவைக் கடக்கக்கூட வேண்டாம். இந்தப் பக்கம் நின்று கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் தலையாட்டுவார். கொஞ்ச நேரத்தில் சிவப்பும் மஞ்சளுமான கேப்சூல் பொட்டலம் வந்து சேரும். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடியும். வடிந்ததும் நிறுத்திவிடுவார். உடம்பு சரியான பிறகும் மருந்து தின்பானேன் என்பது அவர் கட்சி. மிச்சம் கத்தரிக்கோல் வைக்கிற இழுப்பறையில் அடுத்த வீக்கத்துக்காகக் காத்திருக்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. கீழ்வரிசை முன்பற்கள் மெல்ல மெல்ல நீண்டு, நடுவில் சந்து விழுந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். கடைவாயில் ஒரு பல் ஆட ஆரம்பித்தது. நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அவருக்குத் தெரியாத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. சவரத்துக்குச் சாய்ந்து படுத்தவர்கள், அவர் குனிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கத்திக்குப் பயப்படுகிறார்கள் என்று அவர் நினைத்தார். சிலர் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பினார்கள். "இப்பிடி நேரா பாருங்க சார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டு, நடுவர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பல வருஷமாக அவரிடம்தான் வெட்டிக்கொள்வார். ஒருநாள் வந்ததும் மச்சினன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "இவர் சும்மாதானே இருக்கார்" என்றார். அடுத்த முறை வந்தபோது மச்சினன் சும்மா இல்லை, இன்னும் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். ரேடியோ நாற்காலியைத் துடைத்துவிட்டு, "வாங்க சார்" என்றார். "இல்ல, பரவால்ல, அவசரம் ஒண்ணுமில்ல" என்று பேராசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்து முடித்த செய்தித்தாளை மறுபடி பிரித்தார். ரேடியோ கையில் துணியை மடித்து வைத்துக்கொண்டு காலி நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். நிற்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் அன்று கால் வலித்ததுபோல் எப்போதும் வலித்ததில்லை.

மறுநாள் காலை அடுப்படியில் பொருமினார். மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி பேசாம இருந்துக்கிட்டே என் ஆளுங்கள ஒவ்வொருத்தரா இழுத்துட்டான் பாரு. ஊமைக்கோட்டான்."

"அவன் யாரையும் இழுக்கல."

"பின்ன? பேராசிரியர் எங்கிட்ட எத்தன வருஷமா..."

"உங்க வாய் நாறுதுங்க."

டப்பா மூடி சரியாக உட்காரவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு அழுத்தினாள்.

"இன்னிக்கு நேத்து இல்ல. எத்தன வருஷமா நான் சுவத்தப் பாத்துப் படுத்துக்கறேன்? ஃபேன் காத்து மூஞ்சில அடிச்சா தலவலி வருதுன்னு சொன்னேன். நீங்களும் நம்பிட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்றது? நீங்க பேச்ச நிறுத்தினாத்தானே ஒருத்தர் சொல்ல முடியும்."

அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் அவருக்கு உறைத்தது. வெகுநாள் தூக்கிக்கொண்டிருந்த ஒரு சுமையை வாசலில் இறக்கி வைத்த ஆள் மாதிரி, தோள் தளர்ந்து நடந்து போனாள்.

அன்று முகமூடி மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வாயைத் திறக்கவில்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. முதல் வாடிக்கையாளர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "என்ன ரேடியோ, பேட்டரி தீந்துருச்சா?" என்றார். மச்சினன் சட்டென்று குனிந்து, விழாத சீப்பைத் தரையில் தேடினான். இவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று ரேடியோவுக்கு அப்போது புரிந்தது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

அவர் போன பல் மருத்துவமனை பெரிய கட்டடம். நீளமான நடைபாதையில் பெஞ்சுகள், பெஞ்சு கொள்ளாத கூட்டம். கன்னத்தில் கை வைத்தவர்கள் ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அவர் முறை வந்தபோது மதியம் ஆகியிருந்தது. ஈறு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒரு பெண்மணி. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஒரே விஷயத்தை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

அளவுக் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு விட்டு எடுத்து, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் எண் சொன்னார். "மூணு. அஞ்சு. ஆறு, ரத்தம். ஏழு, ரத்தம். இந்தப் பல்லு ஆடுது." ஏலம் போடுவது மாதிரி இருந்தது. எண் ஏற ஏற நல்லதா கெட்டதா என்று ரேடியோவுக்குத் தெரியவில்லை. எழுதுகிற பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கெட்டது என்று தெரிந்துகொண்டார்.

"டாக்டர், நல்ல பவரான மாத்திரையா ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க. கடைய விட்டுட்டு வந்திருக்கேன்."

"இதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"எப்பவாவது வீங்கினா, செவப்பு மஞ்சள்ல ஒரு கேப்சூல்."

"எப்பவாவதுன்னா?"

"வருஷத்துக்கு நாலஞ்சு வாட்டி இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"வீக்கம் வடியற வரைக்கும்."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். திட்டப் போகிறார் என்று ரேடியோ எதிர்பார்த்தார். அதற்குக்கூட அந்த அம்மாவிடம் தெம்பு இல்லை போலிருந்தது.

"உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில பாசி பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"தேய்ச்சுக் கழுவுவேன்."

"மருந்தக் கொட்டிட்டு விட்டா போயிடுமா?"

"வழவழப்பு போகாதே."

"அதேதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி பள்ளம் விழுந்திருக்கு. உள்ள பல் வேர் மேல காறை கட்டியிருக்கு. அதுமேல கிருமி எல்லாம் சேந்து வழவழன்னு ஒரு படலமா ஒட்டிக்கிட்டிருக்கு. மாத்திரை ரத்தத்துல வரும், ஆனா அந்தப் படலத்துக்குள்ள சரியா எறங்காது. மேலாப்புல இருக்கறது சாகும். வீக்கம் வடியும். நீங்க சரியாப் போச்சுன்னு நெனப்பீங்க. அடியில எலும்பு பாட்டுக்குக் கரைஞ்சுக்கிட்டே இருக்கும்."

"இத்தன வருஷமும்?"

"இத்தன வருஷமும்."

டாக்டர் மேற்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: அறுவை வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டிச் சுத்தம் பண்ண வேண்டும். வாயை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியாக. ஆடுகிற கடைவாய்ப்பல் தேறாது, எடுத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்ததும் மாத்திரை தேவையா என்று பார்க்கலாம். ஈறு நோய் என்று வருகிற எல்லாருக்கும் கொடுப்பதில்லை. பள்ளம் ஆழமாகவும் நிறைய இடத்திலும் இருந்தால் சில பேருக்கு, சுத்தம் செய்ததோடு சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு. சட்டைப்பையில் தெரிகிற சிகரெட்டை இன்றோடு விட வேண்டும்.

"ஒண்ணு ரெண்டுதான் டாக்டர்."

"அந்த ஒண்ணு ரெண்டத்தான் சொல்றேன்."

வாராவாரம் போனார். ஆயுசெல்லாம் மற்றவர்களைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்தில் துணி சுற்றியவர், தானே துணி சுற்றிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். ஊசி போட்டதும் உதடு தன்னுடையது இல்லாமல் போனது. வலி இல்லை, ஆனால் சுரண்டுகிற சத்தம் காது வழியாக வராமல் மண்டைக்குள்ளேயே கேட்டது, அடிப்பிடித்த சட்டியை யாரோ தலைக்குள் உட்கார்ந்து சுரண்டுவது மாதிரி. துப்பச் சொன்னபோது தொட்டியில் கறுப்பாகத் துணுக்குகள் விழுந்தன. இவ்வளவையும் வாயில் வைத்துக்கொண்டா ஊர்க்கதை பேசினோம் என்று கூசிப்போனார்.

நடுநடுவே டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டை உதறினார்.

"கை வலிக்குதா டாக்டர்?" என்றார் ரேடியோ, மரத்த உதட்டோடு குழறி.

"உங்களுக்கு வலிக்காதா?"

"சாயங்காலமானா கத்தரிக்கோல் தானா நழுவும்."

"எனக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லி டாக்டர் மறுபடி கருவியை எடுத்தார். அந்தப் பெரிய கட்டடத்தில் அவர்களுக்குள் நடந்த சொந்தப் பேச்சு அவ்வளவுதான்.

கடைசிப் பகுதியும் முடிந்த அன்று, இரண்டு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று ரேடியோவுக்குப் பழக்கமான சிவப்பு மஞ்சள் கேப்சூல். இரண்டையும் சேர்த்து ஒரு வாரம், வேளை தவறாமல்.

"இந்தக் கேப்சூல் சாப்பிட்டு எப்பவாவது உடம்பு தடிச்சிருக்கா? அரிப்பு, மூச்சுத் திணறல்?"

"எனக்கா? இத நான் பல வருஷமா முழுங்கறேன் டாக்டர்."

"கூட இருக்கற இன்னொரு மாத்திரைக்கு வாய்ல இரும்புச் சுவை வரும், கொமட்டும். அதுக்காக நிறுத்தக் கூடாது. முடியற வரைக்கும் மதுப்பக்கம் போகக் கூடாது. முன்ன மாதிரி பாதியில விட்டுராதீங்க. படலத்த இப்பத்தான் ஒடைச்சுவிட்டிருக்கோம், மருந்து வேல செய்ய இதுதான் நேரம். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

புரியத்தான் செய்தது. ஆனால் நாலாவது நாள் காலையில் காபி, துருப்பிடித்த குழாயை நக்கியதுபோல் இருந்தது. வயிறு புரட்டியது. நாள் முழுக்க நிற்கிறவனுக்கு வயிறு புரட்டினால் வேலை ஓடாது. கண்ணாடியில் ஈறைப் பார்த்தார். கறுத்துத் தொங்கிய ஈறு வெளுத்த சிவப்பில் பல்லை இறுக்கிப் பிடித்திருந்தது. ரத்தம் இல்லை. முகமூடியைக் கழற்றிக் கையில் ஊதி மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை. சரியாகிவிட்டது. சரியான பிறகு ஏன்? பழைய கட்சி அவருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மிச்சமிருந்த அட்டைகளை இழுப்பறையில் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் மச்சினன் கன்னத்தில் கையோடு கடைக்கு வந்தான். கடைசிக் கடைவாய்ப்பல் குத்துகிறது, விடிய விடியத் தூங்கவில்லை என்றான். ஆளைத் திருடுகிறான் என்று அவனைத் திட்டியதை நினைத்து ரேடியோவுக்கு ஏற்கெனவே மனசு உறுத்திக்கொண்டிருந்தது. ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

"மத்தியானத்துக்கு மேல ஆஸ்பத்திரி போயிட்டு வரேன் அத்தான்."

"அங்க போனா பொழுது சாயும் மாப்ள. இந்தா, இதப் போடு. கடைக்காரர் அள்ளிக் குடுக்கற சரக்கில்ல, பெரிய டாக்டர் எழுதினது."

மச்சினன் கேப்சூலைத் திருப்பிப் பார்த்தான். அத்தான் பாசமாக ஒன்றைக் கொடுப்பது அடிக்கடி நடப்பதில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து விழுங்கினான்.

ஒரு வாடிக்கையாளர் அவன் நாற்காலியில் உட்கார்ந்தார், டைல்ஸ் வியாபாரி. மச்சினன் நுரை தடவி, ஒரு பக்கம் மழித்து முடித்திருந்தான். கத்தியைத் துடைக்கும்போது நின்றான்.

"அத்தான், உள்ளங்கை ஊறுது."

"காசு வரப்போகுதுடா" என்றார் ரேடியோ. சிரிப்புக் காட்டி எத்தனையோ வாரம் ஆகியிருந்தது.

"காதும் ஊறுது."

ரேடியோ திரும்பிப் பார்த்தார். அவன் கழுத்தில் சிவப்பாகத் தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. உதடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்தது. ஏதோ சொல்ல வந்தான். குரல் வேறு யாருடையதோ மாதிரி கரகரத்தது. அப்புறம் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. கத்தி கீழே விழுந்தது.

எதிர்ச்சாரியிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். இழுப்பறை மேல் கிடந்த அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. "அலர்ஜிங்க. என் கடையில இதுக்கு ஒண்ணும் இல்ல. ஒடனே தூக்குங்க!"

டைல்ஸ் வியாபாரிதான் முதலில் அசைந்தார். கழுத்துத் துணியோடு, பாதி முகத்தில் நுரையோடு, "என் கார் வாசல்ல நிக்குது" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அட்டையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பின்சீட்டில் மச்சினனைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி ரேடியோ உட்கார்ந்தார். வழி முழுக்க மச்சினனின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மூச்சும் அடுத்ததற்கு வழிவிடுமா என்று தெரியாமல் இழுத்தது.

அவசரப் பிரிவில் அவனைப் படுக்கவைத்ததுமே தொடையில் ஊசி போட்டார்கள். மூக்கில் பிராணவாயுக் குழாய் மாட்டினார்கள். "என்ன சாப்பிட்டார்? எப்ப?" என்று கேட்ட டாக்டரிடம் ரேடியோ சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது யாருக்கு எழுதினது?"

"எனக்கு."

டாக்டர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

வெளியே நடைபாதையில் டைல்ஸ் வியாபாரி போகாமல் உட்கார்ந்திருந்தார். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக வெடித்திருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் அவரைத்தான் நோயாளி என்று நினைத்தார்கள். ரேடியோ கைக்குட்டையைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து, அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அவரும் தாடையைக் காட்டினார்.

மனைவி தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தாள். உடை முழுக்க வெள்ளை நூல் துணுக்குகள். ஊசி போட்டாயிற்று, மூச்சு சீராகிவருகிறது, ஒருநாள் வைத்துப் பார்ப்பார்கள் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன குடுத்தீங்க?"

சொன்னார்.

"சின்ன வயசுல காய்ச்சலுக்குப் பென்சிலின் ஊசி போட்டப்ப அவனுக்கு இதேதான் ஆச்சு. அந்த மருந்து அவனுக்கு ஆகவே ஆகாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க. எங்க வீட்ல அத்தன பேருக்கும் தெரியும்."

"இது ஊசி இல்லையே. கேப்சூல்தானே..."

"ரெண்டும் ஒரே ஜாதி மருந்துதான்னு நர்ஸ் இப்பச் சொல்றாங்க. எனக்கும் அது தெரியாது. ஆனா நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். இல்ல, அவனையாவது கேட்டிருக்கலாம்."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

"தெரியும்" என்றாள். உட்கார்ந்து, உடையிலிருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கையில் உருட்டினாள். "அதுதான் கோவப்படக்கூட முடியல."

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். மச்சினன் முகம் இன்னும் உப்பியிருந்தது. அத்தானைப் பார்த்ததும் கரகரத்த குரலில் கேட்டான்:

"அந்தாளு மீதித் தாடிய யாரு எடுத்தது?"

ரேடியோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மச்சினன் வேலைக்குத் திரும்பச் சில வாரம் ஆனது. உடம்பு தேறிய பிறகும் அக்கா விடவில்லை. அந்த வாரங்களில் ரேடியோ இரண்டு நாற்காலிக்கும் ஒருவராக நின்றார். வீட்டில் மனைவி தேவைக்குப் பேசினாள்: உப்பு வாங்கணும், மோட்டார் போடணும். அவரும் தேவைக்குப் பதில் சொன்னார். சமாதானம் என்று தனியாக ஒன்று நடக்கவில்லை. இருவருக்கும் வேலை இருந்தது, களைப்பு இருந்தது. கோபத்தைப் பிடித்துவைக்க யாருக்கும் கையில்லாமல் அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போனது.

பல் மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்த நாள் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். போனார். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னார்: நிறுத்தியது, இழுப்பறையில் வைத்தது, கொடுத்தது, கார், தொடையில் ஊசி.

டாக்டர், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இப்ப எப்பிடி இருக்கார்?"

"நல்லா இருக்கான்."

"என்ன மருந்து ஆகாதுன்னு ஒரு அட்டையில எழுதி, எப்பவும் பர்ஸ்ல வச்சுக்கச் சொல்லுங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அதக் காட்டணும்."

"சரிங்க டாக்டர்."

"நானும் யாருக்கும் குடுக்காதீங்கன்னு சேத்துச் சொல்லியிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கம்பியை எடுத்தார்.

ஏலம் மறுபடி நடந்தது. இந்த முறை எண்கள் இறங்கின. ஆறு இருந்த இடத்தில் நாலு, அஞ்சு இருந்த இடத்தில் மூணு. பெரும்பாலான இடத்தில் ரத்தம் இல்லை. மேல்வரிசையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆறு, அப்படியே, ரத்தத்தோடு.

"அந்த மாத்திரைய முழுசா சாப்பிட்டிருந்தா இதுவும் மூடியிருக்குமா டாக்டர்?"

டாக்டர் யோசித்தார். "தெரியல. மூடியிருக்கலாம், மூடாமலும் இருந்திருக்கலாம். இந்த அளவுக்கு நல்லானது முக்கால்வாசி சுத்தம் பண்ணினதாலயும் நீங்க சிகரெட் விட்டதாலயும்தான். மாத்திரை அதுக்கு மேல கொஞ்சம் தூக்கிக் குடுக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் உங்களுக்கு எவ்வளவுன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப இன்னொரு தடவ எழுதிக் குடுங்களேன். இந்தத் தடவ ஒண்ணு விடாம முழுங்கிடறேன்."

"வேண்டாம். ஒரு பள்ளத்துக்காக ஒடம்பு பூரா மருந்து ஓட்டக் கூடாது. அடிக்கடி குடுத்தா, நெசமாவே உயிருக்கு ஆபத்துன்னு வர்ற அன்னிக்கு அந்த மருந்து கேக்காமப் போயிடும். அந்த எடத்த மறுபடி சுத்தம் பண்றேன். வாயத் தொறங்க."

மறுபடி ஊசி, மறுபடி மண்டைக்குள் சுரண்டல். முடிந்ததும் குப்பி கழுவுகிற பிரஷ்ஷைச் சுண்டுவிரலுக்கும் சின்னதாகச் செய்தாற்போல் ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். பற்களுக்கு நடுவில் விழுந்த ஒவ்வொரு சந்திலும் அதை விட்டு எடுக்க வேண்டும், தினமும், ஒரு நாள் விடாமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"பல் இருக்கற வரைக்கும்."

வீங்கிய ஈறு சுருங்கியதும் பற்கள் முன்னைவிட நீளமாகத் தெரிந்தன. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் நெற்றி வரை சுளீரென்றது. எடுத்த பல்லின் இடம் காலியாகவே இருந்தது. வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் மச்சினனுக்கே பழகிவிட்டார்கள். டைல்ஸ் வியாபாரி யார் நாற்காலி காலியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்தார். பேச்சும் வந்தது, பழைய அளவுக்கு இல்லை. ஈறு வீங்கி வருகிறவர்களிடம் பல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். போனவர்களும் உண்டு. "அங்க யார் வரிசையில நிக்கறது" என்று எதிர்ச்சாரிக்குப் போனவர்களும் உண்டு. அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஒருவரை வற்புறுத்துகிற தெம்பு நாளின் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, நாள் முழுக்க நின்ற காலோடு அடுப்படித் தொட்டி முன்னால் மறுபடி நிற்கிறார். சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடியில் வாயைத் திறந்து, சந்து சந்தாக அந்தப் பிரஷ்ஷை விட்டு எடுக்கிறார். மனைவி பாத்திரங்களோடு பின்னால் வந்து காத்திருப்பாள்.

"இன்னும் முடியலையா?"

"கீழ்வரிச இருக்கு."

அவள் பாத்திரங்களைத் தரையில் வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அவர் குழாயைத் திறந்து பிரஷ்ஷை அலசிவிட்டு, கீழ்வரிசைக்குப் போவார்.